மல்லாந்து கிடக்கும் இரும்புப் பாம்பு

அருங்காட்சியகத்தின் பழுதுபார்க்கும் பட்டறைக்குள் நுழைந்ததும் இடது பக்கம், கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இரும்புப் பாம்பு மல்லாந்து கிடக்கும் படம். வேலைக்குப் புதிதாக வருகிற நீங்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே அதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். காட்சிக்கு வைக்கத் தெரியாத எவனோ தலைகீழாக வைத்துவிட்டான் என்று உங்களுக்குள் பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். சிரிப்பதில் பிழையில்லை. அந்தப் படத்தை அங்கே மாட்டியவன் நான்தான். ஓய்வு பெற்றுப் போன நாள்வரை அதன் கீழே நின்றுதான் கை கழுவினேன்.

என்னை அனுப்பிவைத்த விருந்தில், உங்கள் அனுபவங்களை எங்களுக்காக எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எந்தக் கரைப்பானில் எவ்வளவு தண்ணீர் கலப்பது, எந்தத் தூரிகை முடி உதிராது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைக் கையிலிருக்கும் திரையைத் தட்டிக் கேட்டால் அது சொல்லிவிடும். நான் எழுதப்போவது இருபத்திரண்டு வருடம் பழைய உலோகப் பொருள்களைத் திருத்தும் மேசையில் உட்கார்ந்த ஒரு மடையனைப் பற்றி. அவன் யார் என்பதை ஊகிக்க உங்களுக்கு அதிக நேரம் ஆகாது.

முதலில் பொருளைச் சொல்கிறேன். ஜப்பான் அவசர அவசரமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட காலத்தில், இடுப்பில் வாளோடு திரிந்த போர்வீரர் கூட்டத்தை அந்த நாட்டு அரசாங்கமே கலைத்துவிட்டது. தெருவில் வாள் கொண்டு போகக் கூடாது என்று சட்டம் வந்தது. வீரன் இல்லையென்றால் அவனுக்குக் கவசம் எதற்கு? பரம்பரையாகக் கவசம் அடித்தவர்கள் சும்மா உட்கார வேண்டி வந்தது. அவர்களில் சிலர் அதே சுத்தியலையும் அதே இரும்பையும் எடுத்து நண்டு, இறால், மீன், பாம்பு என்று செய்யத் தொடங்கினார்கள். மூட்டுக்கு மூட்டு அசையும் இரும்பு உயிர்கள். நண்டின் கால் மடங்கும், பாம்பு சுருளும். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள்.

அதனாலேயே இங்கே லண்டன் பண்டிதர்களுக்கு இவற்றைக் கண்டால் இளக்காரம். ஏற்றுமதிச் சரக்கு என்பார்கள், வெள்ளைக்காரனுக்குச் செய்த விளையாட்டுச் சாமான் என்பார்கள். பழைய தேநீர்க் கிண்ணத்தின் முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவராவது வாழ்க்கையில் ஓர் ஆணியை நேராக அடித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. பிழைப்புப் போன மனிதன் வேறொன்றைச் செய்து பிழைத்தால் அது கலையாகாது என்று சொல்வதற்குப் பெரிய சம்பளமும் நாற்காலியும் வேண்டியிருக்கிறது.

ஆறு வருடங்களுக்கு முன்னால், லண்டன் வீடுகளில் கிடக்கும் இப்படியான பொருள்களைச் சேர்த்து எங்கள் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி வைத்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் நல்ல உடுப்பும் மென்மையான குரலும் உடைய ஓர் இளம் ஆங்கிலேயர். எந்தப் பொருளைக் காட்டினாலும் இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். கதை கிடைத்துவிட்டால் பொருளைத் திருப்பிப் பார்க்க மாட்டார். அவரை இங்கே பொறுப்பாளர் என்றே சொல்கிறேன். அவர் இப்போது இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார், அதில் எனக்கு வியப்பில்லை.

கண்காட்சிக்கு இரவலாக வந்த பொருள்களில் ஒன்று, குளியல் துவாய் ஒன்றில் சுற்றிக் கடைப் பையில் போட்டு வந்தது. என் மேசையில் அதை விரித்ததும் சுற்றி நின்ற இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். கறுத்த இரும்புப் பாம்பு, ஓர் ஆள் இரு கைகளையும் விரித்த அகலத்துக்கு நீளம். உடம்பு முழுக்க ஒன்றையொன்று மூடிய மெல்லிய வளையங்கள், எண்ணினால் இருநூறுக்கு மேல். கையில் தூக்கினால் ஒரு பக்கம் வழிந்து விழுந்தது. செய்தவர் பெயர் எங்கேயும் பொறிக்கப்படவில்லை. கழுத்தில் ஒரு வளையம் மட்டும் இறுகியிருந்தது, அதைத் தளர்த்திக் கொடுப்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட வேலை. அட்டையில் உரிமையாளரின் பெயரும் ஊரும் இருந்தன. செல்வராணி, மனோர் பார்க்.

வயிற்றுப் பக்கத்தைத் திருப்பி, வளையங்களின் இடுக்கில் விளக்கைப் பிடித்தேன். உள்ளே சிவப்பு. எண்ணெய் ஊறி, கறுத்து, காய்ந்து ஒட்டிய சிவப்பு.

அதற்கு மேல் எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. தமிழ்ப் பெண்ணின் பெயர், முருகன் கோயில் இருக்கும் ஊர், வீட்டில் ஒரு பாம்பு, பாம்பின் மேல் சிவப்பு. எனக்கா தெரியாது? அந்தப் பெண்ணைப் பார்க்காமலே அவளுடைய சாமி அறையைப் பார்த்துவிட்டேன். சுவரில் படங்கள், ஊதுபத்திப் புகை, தட்டில் இரும்புப் பாம்பு, அதன் தலையில் பால், வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம். ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட இரும்பு வேலையை எங்கள் ஆட்கள் குங்குமத்தில் குளிப்பாட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அந்த வெட்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, பெட்ரோல் ஷெட்டில் நின்று, இதே கட்டடத்தில் தரை துடைத்து, அப்புறம் படித்து இந்த மேசைக்கு ஏறியவன். ஏறுகிற வழியில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரர் எங்கள் ஆட்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துவிடுவது. அப்படிச் செய்தால் நான் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று ஆகிவிடுமாம். அன்று தேநீர் இடைவேளையில் அதைத்தான் செய்தேன். புற்றுக்குப் பால் வார்ப்பது, நாக தோஷம், பிள்ளை வரம் என்று ஒரு கச்சேரியே வைத்தேன். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். பொறுப்பாளர் பாதியில் எழுந்து போய்க் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு ஒன்பது வேலை நாள் அந்தச் சிவப்பைச் சுரண்டினேன். மூங்கில் குச்சியைச் சீவி, பஞ்சு சுற்றி, தலையிலிருந்து வாலை நோக்கி, வளையம் வளையமாக. என் கை நல்ல கை. இரும்பில் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு தூளாகவோ பசையாகவோ வரவில்லை, சின்னச் சின்னச் செதில்களாக உதிர்ந்தது. எண்ணெயில் குழைந்த குங்குமம் செதிலாக உதிராது, அப்பிக்கொண்டு வரும். சின்ன வயதிலிருந்து குங்குமம் தொட்ட விரல் இது, அதற்கு வித்தியாசம் தெரிந்தது. ஒரு தரம் நின்று பார்க்கக்கூடச் செய்தேன். நாள்பட்டது, காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். நுண்நோக்கி என் முழங்கைக்கு அருகில்தான் இருந்தது.

வால் பக்கம் ஏழு வளையங்கள் மிச்சம் இருக்கும்போது வேறோர் அவசர வேலை வந்தது. பாம்பை ஓரமாக வைத்தேன். அறிக்கையில், உட்புறம் முழுவதும் வழிபாட்டுக் குங்குமம் படிந்திருந்தது, உரிமையாளரின் நீண்டகால அறியாமையால் நேர்ந்தது, பெரும்பாலும் அகற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அறியாமை என்ற சொல்லை நானே தேர்ந்தேன்.

பொறுப்பாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஜப்பானில் பிறந்து மனோர் பார்க்கில் கடவுளான பாம்பு என்று லேபிள் எழுதினார். விளம்பரத் தட்டியிலும் அந்தப் பாம்பையே போட்டார்கள். திறப்பு நாளில் நான் நாற்பது நிமிடம் உரையாற்ற வேண்டும் என்றும் முடிவானது. நான் அதற்காகப் புது கோட் வாங்கினேன்.

லேபிளுக்குப் பக்கத்தில் வைக்க அந்தச் சாமி அறையின் படம் ஒன்று வேண்டும், நீங்களே தமிழில் கேட்டுவிடுங்கள் என்று பொறுப்பாளர் சொன்னார். மேசையிலிருந்தே அழைத்தேன். என்னைவிட வயதில் மூத்த குரல். யார், எங்கேயிருந்து என்று சொல்லிவிட்டு, அக்கா, உங்கட சாமி அறையை ஒரு படம் எடுக்க வரலாமோ என்று கேட்டேன்.

“சாமி அறையோ?” என்றாள். “தம்பி, நாங்கள் வேதக்காரர். மன்னார். பாம்பு, மாதா சொரூபத்துக்குக் கீழ இருந்தது, படம் வேணுமெண்டால் எடுங்கோ.”

மாதாவின் காலடியில் பாம்பு. எந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனாலும் பார்க்கக்கூடிய காட்சி. அப்போ அந்தக் குங்குமம் என்று கேட்டேன்.

“எங்கட வீட்டில குங்குமம் ஏது?”

அப்படியென்றால் உள்ளே இருக்கும் சிவப்பு என்ன என்று கேட்டேன்.

“அது அதிலயே இருக்கிறதெல்லோ. எங்களுக்குத் தரேக்கையே இருந்தது. அதைத்தானே தம்பி நீங்கள் பாத்துச் சொல்லுவீங்கள் எண்டு இருக்கிறன்.”

பிறகு எடுக்கிறேன் என்று ஏதோ உளறிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். ஓரத்தில் இருந்த பாம்பை எடுத்து, மிச்சமிருந்த ஏழில் ஒன்றிலிருந்து மணலளவு செதிலை நுண்நோக்கியில் வைத்தேன். முதல் நாள் செய்திருக்க வேண்டிய வேலை, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடியில் ஒரு கறுப்புப் பூச்சு, அதன்மேல் ஒரு சிவப்பு, அதன்மேல் இன்னுமொரு சிவப்பு. ஒவ்வொன்றும் காயவிட்டுத் தேய்த்துப் பூசியது. மரப்பாலில் செய்யும் ஜப்பானிய மெருகு, அரக்கு என்று நாங்கள் சொல்வது. பாம்பைச் செய்தவனே பூசியது. இருநூறு வளையங்களிலிருந்து அதைத்தான் நான் ஒன்பது நாள் உட்கார்ந்து சுரண்டிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தேன். கூடை எப்போதோ போய்விட்டது.

இந்தப் பிழையை இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஒரு வெள்ளைக்காரனுக்குக் குங்குமம் தெரியாது. தெரியாததால் சோதித்துப் பார்த்திருப்பான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். உட்புறம்தானே, பெட்டிக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது என்றார். மாதா சொரூபத்தின் கீழே என்பதும் நல்ல கதைதான், வழிபாடு என்ற சொல் பொருந்தும், குங்குமத்தை மட்டும் எடுத்துவிடுவோம். அறிக்கையில் படிவு அகற்றப்பட்டது என்று இருக்கட்டும். எப்படியும் இது ஏற்றுமதிச் சாமான்தானே என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் நான் கொதித்தெழுந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு மேசைக்கு வந்து, அறிக்கையில் குங்குமம் என்ற சொல்லை அடித்துப் படிவு என்று எழுதினேன். புதிய கோட்டின் நினைவும் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் வரவேற்பறையிலிருந்து அழைத்தார்கள். செல்வராணி வந்திருந்தாள். அறுபது தாண்டிய, குள்ளமான பெண். ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை ஷிப்ட் முடிந்து நேரே வந்தவள், வேலை அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. போனை டக்கெண்டு வைத்துவிட்டீர்களே, பாம்புக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்க வந்தேன் என்றாள். அந்த நேரம் பார்த்துப் பொறுப்பாளரும் படியிறங்கி வந்து, கை குலுக்கி, எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார்.

அங்கேதான் பாம்பின் வரலாற்றைச் சொன்னாள். அவளுடைய கணவர் மன்னாரில் வள்ளம் கட்டியவர். போர்க்காலத்தில் கடலில் இறங்கக் கூடாது என்று தடை வந்ததும் வள்ளம் கேட்டு வர ஆளில்லை. இங்கே வந்து கார் கழுவும் இடத்தில் வேலை செய்தார். அவள் பார்த்துக்கொண்ட ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்ணின் வீட்டு ஜன்னலை அவர் ஒரு நாள் திருத்திக் கொடுத்தார். அதற்குப் பரிசாக வந்ததுதான் பாம்பு. அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு தரம் அதை மடியில் வைத்துக்கொண்டு, தையல் மெசின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒவ்வொரு மூட்டுக்கும் விடுவாராம். அந்த இரும்பு ஏன் துருப்பிடிக்காமல் வழுக்கியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் போய் இரண்டு வருடம். அதற்குப் பிறகுதான் பாம்பு மாதாவின் காலடிக்குப் போனது, எண்ணெய் விடுவதை அவள் தொடர்ந்தாள்.

“எங்கட இவர் எப்பவும் ஒண்டைத்தான் கேப்பார்,” என்றாள். “ஆருக்கும் தெரியாத உள்ளுக்கு ஏன் சிவப்பு பூசினவன் எண்டு. இவன் முந்தி வேற வேலை செய்தவன், உள்ளுக்கு ஆள் இருக்கிற ஏதோ ஒரு சாமான் செய்து பழகினவன், இல்லாட்டி உள்ளுக்குப் பூச மாட்டான் எண்டு சொல்லுவார். சாகும்வரைக்கும் அதுக்கு விடை தெரியேல்லை. அதுதான் இரவல் தந்தனான். ஃபோமிலயும் எழுதினனான். வாசிக்கேல்லையே?”

அந்தக் கேள்வியை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் பொறுப்பாளர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அதே மென்மையான புன்னகை. அந்த அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள் என்றார் ஆங்கிலத்தில். செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, உட்புறத்தில் இருந்தது வெறும் அழுக்கு, அவருடைய பாம்பை மிகக் கவனமாகச் சுத்தம் செய்திருக்கிறோம்.

இளையவர்களே, நெருக்கடி என்றால் நீங்கள் பட்டறையில் தீப்பிடிப்பதையோ பெட்டி கை நழுவுவதையோ நினைக்கிறீர்கள். என் வேலைவாழ்வின் பெரிய நெருக்கடி மூன்று நாற்காலி உள்ள ஓர் அறையில், யாரும் குரலை உயர்த்தாமல் நடந்தது. மொழிபெயர்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர் சொன்னதைத் தமிழில் சொல்லிவிட்டால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். ஒரு மனிதன் சாகும்வரை வைத்திருந்த கேள்வி. அதை விழுங்கிவிட்டு எப்படி எழும்பிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சொன்னேன். அந்தச் சிவப்பு செய்தவர் பூசிய அரக்கு. நான் அதைக் குங்குமம் என்று நினைத்தேன். நீங்கள் சைவக்காரர் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். உங்களிடம் கேட்கவில்லை, சோதித்துப் பார்க்கவில்லை. சுரண்டிவிட்டேன் அக்கா.

அவள் பொறுப்பாளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அவர் சொன்னது எனக்கு விளங்கினது, தம்பி,” என்றாள். “முப்பது வருசமா இஞ்ச வேலை செய்யிறன். நீங்கள் என்ன சொல்லப் போறீங்கள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்றும் நானேதான் முடிவுகட்டியிருந்தேன். ஒரே பெண்ணின் மேல் இரண்டாவது முடிவு. முகத்தில் எச்சில் பட்டது போல் இருந்தது.

பிறகு விடையைக் கேட்டாள், சொன்னேன். அந்த நாட்டுத் தலைக்கவசத்துக்கும் முகக்கவசத்துக்கும் உட்புறம் சிவப்பு அரக்குப் பூசுவது வழக்கம். வீரனின் வியர்வை பட்டு இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க. உங்கள் பாம்பைச் செய்தவர் கவசக்காரர். பாம்புக்குள் வியர்க்க யாரும் இல்லை, ஆனாலும் கை பழகியபடி பூசிவிட்டிருக்கிறார். அவர் பெயரைப் பொறிக்கவில்லை, அவர் யார் என்பதற்கு இருந்த அடையாளம் அந்தச் சிவப்பு ஒன்றுதான்.

செல்வராணி கழுத்து அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்ப எங்கட இவர் சொன்னது சரி,” என்றாள் கடைசியில். “உள்ளுக்கு ஆள்.”

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டாள். ஏழு வளையம் என்றேன். பாம்பை இப்போதே வீட்டுக்கு எடுத்துப்போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் எடுத்துப்போகவில்லை. அந்த ஏழும் தெரிகிற மாதிரி மல்லாத்தி வையுங்கோ என்றாள். லேபிளில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொன்னாள், இந்தத் தரம் நேரே பொறுப்பாளரிடம், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக.

பொறுப்பாளர் எவ்வளவோ கெஞ்சினார். செத்த பாம்பு மாதிரி இருக்கும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார். லேபிளின் கடைசி வரியையாவது விட்டுவிடலாமே என்றார். அப்படியென்றால் துவாயைத் தாருங்கள், சுற்றிக்கொண்டு போகிறேன் என்றாள் அவள். விளம்பரத் தட்டிகள் ஏற்கெனவே நகரம் முழுக்க ஏறியிருந்தன, பாம்பு இல்லாமல் கண்காட்சி இல்லை. கதையை நேசித்த மனிதர் கடைசியில் உண்மையை அச்சடிக்க வேண்டி வந்தது. அந்த வேலையில் அது அவருக்கு முதல் தரமாக இருக்கலாம்.

அவள் போன பிறகு பாம்பின் கோப்பைத் திறந்து அவள் நிரப்பிய இரவல் படிவத்தைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல் தரம் பார்த்தேன். வேறு விவரம் ஏதும் உண்டா என்ற கட்டத்தில் பெரிய எழுத்துகளில், கோணல் இல்லாமல், உள்ளே ஏன் சிவப்பாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஒன்பது நாளும் அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. நான் என் அறிக்கையை எடுத்து, அறியாமை என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த உரிமையாளரின் என்பதை அடித்து, என் பெயரை எழுதினேன். அது இன்றும் கோப்பில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

திறப்பு நாளில் நாற்பது நிமிட உரைக்குப் பதிலாக ஐந்து நிமிடம் பேசினேன். என்ன செய்தேன் என்பதைச் சொல்ல அதுவே போதுமாக இருந்தது. புதிய கோட் அலுமாரியிலேயே தொங்கியது. பாம்பு பெட்டிக்குள் மல்லாந்து, வாலை மட்டும் மேலே வளைத்துக்கொண்டு கிடந்தது. வந்தவர்கள் பொறுப்பாளர் சொன்னபடியே முதலில் சிரித்தார்கள். பிறகு குனிந்து லேபிளை வாசித்தார்கள். கவசம் செய்த ஒருவர் செய்தது. பெயர் தெரியாது. உள்ளே சிவப்பு பூசியிருந்தார். ஏழு வளையங்களில் அது இருக்கிறது. மற்றவற்றில் இருந்ததை நாங்கள் சுரண்டிவிட்டோம்.

செல்வராணி அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து சேலையோடு வந்தாள். கண்ணாடியில் விரலை வைத்து வாலிலிருந்து ஏழு வரை எண்ணினாள். நான் பக்கத்தில் நின்று, அக்கா, என்னை மன்னிக்க வேணும் என்றேன். அதைச் சொல்ல எனக்கு நாலு கிழமை எடுத்திருந்தது.

“இவர் இருந்தாரெண்டால் மன்னிச்சிருப்பார்,” என்றாள், கண்ணாடியிலிருந்து விரலை எடுக்காமல். “உங்களுக்குத் தேத்தண்ணியும் தந்து, வேலையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்திருப்பார். எனக்கு ஏலாது தம்பி.”

கண்காட்சி முடிந்து பாம்பு மனோர் பார்க்குக்குத் திரும்பிப் போனது. போவதற்கு முன்னால் அந்தக் கழுத்து வளையத்தைத் தளர்த்திக் கொடுத்தேன், ஆரம்பத்தில் எனக்குச் சொல்லப்பட்ட ஒரே வேலை. அது அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அரக்குப் போன இடங்களில் இனித் துருப் பிடிக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நான் வந்து பார்க்கிறேன் என்று அவளுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். பதில் ஓர் அட்டையில் வந்தது, தமிழில், இரண்டு வரி. எண்ணெய் நானே விடுகிறேன். நீங்கள் வரத் தேவையில்லை.